இறந்தவருக்கும் கதையில் ஓர் இடம்

துணையை இழந்து துக்கத்தில் இருக்கும் ஒருவரின் வாழ்க்கையில் மறுபடியும் காதல் வருவதைச் சொல்லும் இன்றைய நாவல்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். நாவலைப் பற்றிக் கேட்கத் தொடங்கிய கடிதங்களில் பல, எழுதியவரின் வீட்டுக் கூடத்தில் போய் முடிந்திருக்கின்றன. ஆகவே எல்லோருடைய பெயர்களையும் விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

வாசகி, கும்பகோணம்

மாத நாவல்களிலும் இணையத் தொடர்களிலும் கணவனை இழந்த கதாநாயகி வந்தால், அந்த முதல் கணவன் குடிகாரனாகவோ கைநீட்டுபவனாகவோ இருக்கிறான். இல்லாவிட்டால் தாலி கட்டிய மூன்றாம் நாளே விபத்தில் போய்விடுகிறான். நல்ல கணவனோடு பத்து வருடம் வாழ்ந்து அவனை இழந்த பெண் ஏன் கதாநாயகியாக வருவதில்லை?

வாசகர் முகம் சுளித்துவிடுவாரோ என்ற பயம்தான் காரணம். தொடர்கதை எழுதும் எங்களுக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு. நானே ஒரு தொடரில் முதல் கணவனை வேண்டுமென்றே கெட்டவனாக்கி எழுதியிருக்கிறேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். கதாநாயகி இன்னொருவரை விரும்பத் தொடங்கும் அத்தியாயத்தில் 'அதற்குள்ளாகவா?' என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக, யாரும் அழ வேண்டிய அவசியமே இல்லாத ஒருவனை முதல் அத்தியாயத்திலேயே சாகடித்துவிடுகிறோம். கொடுமைக்காரனிடமிருந்து தப்பித்த பெண்ணின் கதையும் எழுதப்பட வேண்டிய கதைதான் என்றாலும், அது விடுதலையின் கதை. துக்கத்துக்கு அதில் வேலை கிடையாது.

மூன்றாம் நாள் விபத்து இதைவிட மோசம் என்பது என் கருத்து. அந்தப் பெண்ணை யாரும் தொடவில்லை என்று வாசகருக்கு உறுதி கொடுப்பதற்காகவே விபத்து அவ்வளவு சீக்கிரம் நடக்கிறது. மறுமணத்தை ஆதரிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் கதை, கணவனோடு வாழ்ந்து பார்த்த பெண்ணுக்கு மறுவாழ்வு கிடையாது என்ற பழைய தீர்ப்பை மடியில் கட்டிக்கொண்டே நடக்கிறது.

என் பெரியப்பா இறந்தபோது எனக்குப் பதினோரு வயது. பள்ளி விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். விடியற்காலையில் அவர் காப்பி கலக்கும்போது இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை எடுத்து வைப்பார். வைத்த பிறகுதான் நினைவு வரும். இரண்டாவது டம்ளரை அலமாரியில் திருப்பி வைக்க அவருக்கு மனம் வராது. இரண்டிலும் பாதிப் பாதி ஊற்றி, முதலில் தம்முடையதையும் பிறகு பெரியப்பாவினுடையதையும் குடித்து முடிப்பார். பெரியப்பா பெரிய மனிதரோ தியாகியோ அல்லர். கூட்டுறவு பண்டகசாலையில் கணக்கு எழுதியவர், சாப்பாட்டில் உப்பு குறைந்தால் கோபித்துக்கொள்பவர். அப்படிப்பட்ட சாதாரண மனிதரைத்தான் ஒரு நாவலில் இழக்கக் கொடுக்க வேண்டும். அவருடைய டம்ளர் எது என்று வாசகருக்குத் தெரிந்திருந்தால், பிறகு அந்த வீட்டுக்கு வரும் இன்னொரு மனிதருக்கு எந்த டம்ளரில் காப்பி கொடுப்பது என்பதே ஓர் அத்தியாயமாகிவிடும். என் பெரியம்மாவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. இன்னொரு கல்யாணம் வேண்டுமா என்று அவரிடம் கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

எழுத முயலும் வாசகி, திண்டுக்கல்

கணவன் இறந்து எத்தனை மாதம் கழித்துக் கதாநாயகிக்குக் காதல் வரலாம்? துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் என்று படித்தேன். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்றுக்கொள்ளுதல் என்று நாவலை ஐந்து பாகமாகப் பிரித்து, ஐந்தாவது முடிந்ததும் கதாநாயகனைக் கொண்டுவரலாம் என்று இருக்கிறேன். சரியா?

பிரிக்காதீர்கள், சகோதரி. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் 1969-இல் எழுதிய நூலில் வரும் அந்த ஐந்து கட்டங்கள், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி அவர் கண்டவை. தன் சாவை ஒருவர் எப்படி எதிர்கொள்கிறார் என்பதைப் பற்றிய அந்த வரிசை, பின்னாளில் உறவை இழந்து நிற்பவர்களின் துக்கத்துக்கும் பொருத்தப்பட்டு, ரயில் நிலையங்களின் பட்டியலைப் போல ஆகிவிட்டது. ஆனால் துக்கத்தில் இருப்பவர் காலையில் ஏற்றுக்கொண்டதை மாலையில் மறுப்பார், மறுநாள் அதே விஷயத்துக்காக ஒரு கடைக்காரரிடம் காரணமே இல்லாமல் கோபப்படுவார்.

நாவல் எழுதுபவருக்கு இதைவிடப் பயன்படும் விளக்கம் ஒன்று உண்டு. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1999-இல் அதை வெளியிட்டார்கள். துணையை இழந்தவர் ஒரு பக்கம் இழப்பை நோக்கித் திரும்புகிறார். இன்னொரு பக்கம் அந்த இழப்பால் தலையில் விழுந்த புது வேலைகளை நோக்கித் திரும்புகிறார். இரண்டுக்கும் இடையே ஊஞ்சலைப் போல ஆடிக்கொண்டே இருக்கிறார் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். வாரிசுச் சான்றிதழுக்காக உங்கள் கதாநாயகி தாலுகா அலுவலகத்துக்கு மூன்றாவது தடவையாகப் போகிறாள். இறப்புச் சான்றிதழின் நகல்களில் கையெழுத்து வாங்குகிறாள். கணவன் மட்டுமே பார்த்துக்கொண்ட வங்கிக் கணக்கை, கேஸ் இணைப்பை, வண்டிக் கடனை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறாள். அன்று மதியம் கூட வேலை செய்பவர் சொன்ன ஏதோ ஒன்றுக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டு, கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். காதல் நுழைவதற்கான இடம் அந்தப் பாதிச் சிரிப்பில் இருக்கிறது, மாதக் கணக்கில் தேடினால் கிடைக்காது.

மாதக் கணக்கை உங்களுக்குப் பதிலாக ஊர் வைத்துக்கொள்ளும். பதினாறாம் நாள் காரியம், மாதாமாதம் வரும் திதி, பண்டிகை கொண்டாடாத வருடம், தலைத்திவசம் என்று நம்மிடம் துக்கத்துக்கு ஒரு காலண்டர் இருக்கிறது. அந்தக் காலண்டர் சில நேரம் அவளைத் தாங்கும், சில நேரம் அவளை நசுக்கும். கருமாதியில் பிறந்த வீட்டார் கோடிப் புடவை போடும்போது அவளுக்குப் பேசக்கூடத் தெம்பு இருக்காது. ஊர் துக்கத்தை முடித்துக்கொண்டு பண்டிகைக்குத் திரும்பும் நாளில்தான் அவளுடைய துக்கம் உண்மையில் தொடங்கியிருக்கும். இந்த இரண்டு காலண்டர்களும் ஒத்துப்போகாத இடங்களில் உங்கள் கதையை நிறுத்துங்கள். காதல் எட்டாம் மாதம் வந்தாலும் எட்டாம் வருடம் வந்தாலும் வாசகர் ஏற்றுக்கொள்வார்.

வாசகர், நாகர்கோவில்

கணவனை இழந்த பெண்ணுக்கு இரண்டாம் காதல் என்பது மேல்நாட்டு நாவல்களைப் பார்த்து நம் எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்ட விஷயம். நம் பண்பாட்டில் இல்லாத ஒன்றைக் கதையில் திணிப்பது தேவையா?

ஐயா, 'அறுத்துக்கட்டுதல்' என்று ஒரு சொல் தமிழில் இருக்கிறது. கணவன் இறந்த பிறகோ விலகிய பிறகோ பெண் இன்னொருவரை மணந்துகொள்வதைக் குறிக்கும் சொல் அது. வழக்கம் இருந்ததால்தான் சொல் இருந்தது. உழைத்துப் பிழைக்கும் சமூகங்கள் பலவற்றில் அது இயல்பாக நடந்தது. அந்த வழக்கம் இல்லாததைப் பெருமையாகக் கருதியவர்கள் அந்தச் சொல்லை வசையாக்கினார்கள். 'நம் பண்பாட்டில் இல்லை' என்று நாம் சொல்லும்போது யாருடைய பண்பாட்டைச் சொல்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டுகிறேன்.

நாவலைப் பொறுத்தவரையிலும் இது புதிதன்று. அ. மாதவையாவின் 'முத்துமீனாக்ஷி' 1903-இல் வெளிவந்தது. இளம் வயதில் கைம்பெண்ணான ஒருத்தி தன் கதையைத் தானே சொல்லும் அந்த நாவல் அவளுடைய மறுமணத்தில் முடிகிறது. அதற்கும் முன்பு, 1881-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் ராஜமுந்திரியில் கந்துகூரி வீரேசலிங்கம் கைம்பெண் மறுமணத்தை நடத்திவைத்தார். தமிழில் நாவல் என்ற வடிவம் நடை பழகிக்கொண்டிருந்த காலத்திலேயே இந்தக் கேள்வி அதனோடு சேர்ந்து நடந்திருக்கிறது.

மறுவாழ்வு என்றால் மறுமணம் ஒன்றுதானா என்று நீங்கள் கேட்டிருந்தால் உங்களோடு உடன்பட்டிருப்பேன். சிறுவயதிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்பலட்சுமி 1911-இல் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற சிறுமிகளுக்கு வீடும் படிப்பும் தேடிக்கொடுத்தார். சென்னைக் கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அந்தப் பெண்கள் தங்கிப் படித்தார்கள். மொட்டையடிக்கப்பட்ட தலையில் முடி வளரவிட்டு, கையில் சிலேட்டை வாங்கிக்கொண்ட ஒரு சிறுமிக்கு அதுவும் இரண்டாம் வாய்ப்புதான். காதல் நாவல் எழுதும் என்னைப் போன்றவர்கள் கதாநாயகியை உடனடியாக ஒருவர் கையில் பிடித்துக் கொடுப்பதில் காட்டும் அவசரத்தை நீங்கள் கண்டித்திருந்தால், அந்தக் கண்டனத்தைத் தலைவணங்கி ஏற்றுக்கொண்டிருப்பேன்.

வாசகி, மதுரை

கணவனை இழந்தவளுக்குக் கதாநாயகன் மல்லிகைச் சரம் வாங்கிக் கொடுப்பதும், அவள் கைநடுங்க அதைத் தலையில் வைத்துக்கொள்வதும் எல்லா நாவலிலும் வருகிறது. படித்துப் படித்துச் சலித்துவிட்டது. வேறு காட்சியே இல்லையா?

பூவை மறுத்த சமூகத்தில் பூ வைத்துக்கொள்வது பெரிய செயல் என்பதால் அந்தக் காட்சி பிறந்தது. முதலில் எழுதியவர் நெஞ்சறிந்து எழுதியிருப்பார். பிறகு வந்தவர்கள் பூக்கடையில் வாங்கிக்கொண்டார்கள். புறநானூற்றின் 242-ஆம் பாட்டில் குடவாயிற் கீரத்தனார் இதே பூவை என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். வேல் வீரனான சாத்தன் இறந்துவிட்டான். புலவர் முல்லைக் கொடியிடம் பேசுகிறார்: இளைஞர்கள் உன்னைச் சூடவில்லை, வளையணிந்த பெண்கள் பறிக்கவில்லை, பாணன் தன் யாழின் கோட்டால் மெல்ல வளைத்துப் பறித்து வைத்துக்கொள்ளவில்லை, பாடினியும் அணியவில்லை, இந்த ஒல்லையூர் நாட்டில் நீ பூக்கவும் செய்தாயோ? பாட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. பூத்த கொடியும் பறிக்காத கைகளும் மட்டும் இருக்கின்றன.

வேறு காட்சி கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், இறந்துபோன கணவரின் கைப்பேசி எண்ணுக்கு மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார். ரீசார்ஜ் நின்றால் அந்த எண் வேறு யாருக்காவது போய்விடும். தம்முடைய பட்டியலில் 'இவர்' என்று பதிந்திருக்கும் பெயரிலிருந்து ஒருநாள் யாரோ ஒரு முன்பின் தெரியாதவரின் குரல் வந்துவிடுமே என்று பயந்தார். ஒரு நாவலில் இப்படிப்பட்டவளை நேசிக்கும் ஆண், அவளுக்குக் காய்ச்சலாக இருக்கும் ஒரு மாதத்தில், யாரிடமும் சொல்லாமல் அந்த எண்ணுக்குத் தானே ரீசார்ஜ் செய்துவிட்டு வந்தால், நூறு முழம் மல்லிகையைவிட அவனை எனக்குப் பிடித்துப்போகும்.

வாசகி, ஈரோடு

நான் படிக்கும் ஒரு தொடரில், 'இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் என் மகன் சொத்தில் உனக்குக் காலணா கிடையாது' என்று மாமியார் மிரட்டுகிறார். கதாநாயகியும் பயந்துவிடுகிறாள். சட்டம் அப்படித்தான் சொல்கிறதா?

ஒரு காலத்தில் சொன்னது. 1856-ஆம் ஆண்டின் இந்து விதவைகள் மறுமணச் சட்டம் மறுமணத்தைச் செல்லுபடியாக்கிய கையோடு, மறுமணம் செய்பவள் இறந்த கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழக்கிறாள் என்றும் தன் 2-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. உயில் எழுதாமல் இறந்த கணவனின் சொத்தில் மனைவிக்கு வரும் பங்கு அவளுடைய முழு உடைமை. பின்னால் மறுமணம் செய்துகொண்டாலும் அது பறிபோகாது. மகனை முன்பே இழந்த மாமனாரின் சொத்தில், மறுமணம் செய்துகொண்ட மருமகளுக்கு இடமில்லை என்ற 24-ஆம் பிரிவும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் எடுக்கப்பட்டுவிட்டது. 1856-ஆம் ஆண்டுச் சட்டமே 1983-இல் நீக்கப்பட்டது. ஆக, அந்த மாமியாரின் மிரட்டலுக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. மிரட்டலைக் கேட்டுப் பயந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்ட பெண்கள் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொன்னேன்.

ஓய்வூதியம் வேறு விஷயம். கணவன் அரசு ஊழியராக இருந்திருந்தால் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் பொதுவாக மறுமணத்தோடு நின்றுவிடும்; பிள்ளைகள் இருந்தால், விதிகளுக்கு உட்பட்டு அவர்களுக்குப் போகும். மத்திய அரசின் விதிகளில், குழந்தை இல்லாத கைம்பெண் மறுமணம் செய்துகொண்டாலும், அவருடைய சொந்த வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டாதவரை ஓய்வூதியம் தொடர்கிறது. மறுபக்கம், மறுமணத்துக்கு உதவி செய்யும் திட்டமும் தமிழ்நாட்டில் இருக்கிறது. டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் நடக்கும் அந்தத் திட்டத்தில், தாலிக்கு 8 கிராம் தங்கமும் 25,000 ரூபாயும், பட்டமோ பட்டயமோ பெற்றவராக இருந்தால் 50,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. 

தொடர்கதை எழுத்தாளர்கள் இந்த இடத்தில் சொத்தை விட்டுவிட்டு ஓய்வூதியத்தைப் பிடித்திருக்க வேண்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகு கதாநாயகி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்து, மாதா மாதம் வரும் தொகையை ஒரு பக்கமும், தான் விரும்பும் மனிதரின் சம்பளத்தை இன்னொரு பக்கமும் எழுதி, அந்தப் பணம் இறந்தவர் தனக்கு இன்னமும் அனுப்பிக்கொண்டிருக்கும் பணம் என்று தோன்றி, கணக்கை முடிக்காமல் பேனாவை மூடி வைக்கும் காட்சியை நான் எந்த நாவலிலும் படித்ததில்லை. அந்தக் கணக்கில் காதலுக்கு இழுக்கு ஒன்றும் இல்லை.

வாசகி, விருதுநகர்

இறந்த கணவனின் தம்பியையோ நெருங்கிய நண்பனையோ கதாநாயகனாக வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் தம்பி என்றால் குடும்பம் தன் வசதிக்காக எடுத்த முடிவா, அவள் எடுத்த முடிவா என்பது வாசகருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். நண்பன் என்றால் அவனும் துக்கத்தில் இருப்பவன் என்பதை மறந்துவிடக் கூடாது.

வாசகி, கோயம்புத்தூர்

இந்த நாவல்களில் வரும் குழந்தை, அம்மாவுக்கும் கதாநாயகனுக்கும் தூது போகிறது. ஐந்தாவது அத்தியாயத்தில் அவனை 'அப்பா' என்றும் கூப்பிட்டுவிடுகிறது. நான் மறுமணம் செய்துகொண்டவள். என் மகன் என் கணவரை இரண்டு வருடமாக எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. 'இங்க பாருங்க' என்றுதான் பேச்சைத் தொடங்குகிறான். நாங்கள் எதையாவது தவறாகச் செய்துவிட்டோமா?

உங்கள் கடிதத்தின் அந்த ஒரு வரியில், நான் படித்த பல நாவல்களில் இல்லாத உண்மை இருக்கிறது. நீங்கள் தவறு எதுவும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை, அம்மா. உங்கள் மகனிடம் அதற்கான சொல் இல்லை. அவனிடம் மட்டுமா? தமிழிலேயே இல்லை. அப்பாவின் இரண்டாம் மனைவியைக் கூப்பிட நம் வீடுகளில் 'சித்தி' என்ற சொல் தயாராக இருக்கிறது. அம்மாவின் இரண்டாம் கணவரைக் கூப்பிடச் சரளமாக நாவில் வரும் சொல் எது? 'மாற்றாந்தகப்பன்' என்பது அகராதியில் இருக்கலாம். எந்தப் பிள்ளையும் அப்படிக் கூப்பிட முடியாது. 'மாமா' என்றால் அம்மாவின் உடன்பிறந்தவர் ஆகிவிடுகிறார். 'சித்தப்பா' என்றால் அப்பாவின் தம்பி நினைவுக்கு வருகிறார். 'அங்கிள்' பக்கத்து வீட்டுக்காரருக்கும் உண்டு. ஆண்கள் மறுமணம் செய்துகொள்வதைச் சமூகம் எதிர்பார்த்தது, அதனால் அதற்குச் சொல் செய்துவைத்தது. பெண்ணின் மறுமணத்தை எதிர்பார்க்கவில்லை, அதனால் ஒரு சிறுவன் இரண்டு வருடமாக 'இங்க பாருங்க' என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

குழந்தைகளின் துக்கம் பெரியவர்களின் துக்கத்தைப் போல நாள் முழுதும் முகத்தில் தங்காது. கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருப்பான், தண்ணீர் குடிக்க உள்ளே வருவான், 'அப்பா போட்டோவை எடுத்துடுவீங்களா?' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் மறுபடி விளையாட ஓடிவிடுவான். கேட்ட அந்த நொடியில் பதில் கிடைக்காவிட்டாலும், இரவில் படுக்கும்போது 'எடுக்க மாட்டோம்' என்று யாராவது சொல்லிவிட வேண்டும். உங்கள் கணவரே அதைச் சொன்னால் இன்னும் நல்லது. இறந்த தகப்பனுக்கு வீட்டில் இடம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பிள்ளைக்கு, வந்தவருக்கும் ஓர் இடம் கொடுப்பதில் பயம் குறையும். எப்படிக் கூப்பிடுவது என்பதை அவனிடமே விட்டுவிடுங்கள். இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு செல்லப்பெயர் ஒருநாள் பிறந்தாலும் பிறக்கும். உங்கள் அனுமதி கிடைத்தால் 'இங்க பாருங்க' என்ற அந்த விளியை என் அடுத்த தொடரில் பயன்படுத்திக்கொள்ள விரும்புகிறேன். மறுத்தாலும் வருந்த மாட்டேன்.

வாசகி, மயிலாடுதுறை

கணவன் இறந்த துக்கத்தில் பேச்சே நின்றுபோன கதாநாயகி, கதாநாயகனின் அன்பால் குணமாகிறாள் என்று ஒரு நாவலில் படித்தேன். உண்மையான காதல் கிடைத்தால் துக்கம் ஆறிவிடும்தானே?

காதல் கிடைத்தவரிடமும் துக்கம் இருக்கும். 1996-இல் டென்னிஸ் கிளாஸ் முதலிய மூன்று ஆய்வாளர்கள் தொகுத்த நூலுக்குப் பிறகு, இறந்தவரோடு உள்ள பிணைப்பை அறுத்துக்கொண்டால்தான் துக்கம் தீரும் என்ற பழைய கருத்து வலுவிழந்துவிட்டது. பிணைப்பு உருமாறித் தொடரலாம், அது நோயாகாது என்று அவர்கள் காட்டினார்கள். பித்ருக்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடும் நமக்கு, அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் நமக்கு, இது புதிய செய்தியாக இருக்காது. ஆகவே, புது வாழ்க்கையைத் தொடங்கிய கதாநாயகி முதல் கணவனின் திதியன்று தனியாக உட்கார்ந்து அழுதால், அவளுடைய இரண்டாம் காதலில் குறை என்று எண்ண வேண்டாம்.

பேச்சே நின்றுபோனது என்கிறீர்கள். அது வேறு நிலை. மாதங்கள் கடந்தும் துக்கத்தின் கடுமை குறையாமல், அன்றாட வேலைகளைக்கூடச் செய்ய முடியாமல் போவதை 'நீடித்த துக்கக் கோளாறு' என்று மருத்துவம் இன்று தனியாகவே குறிப்பிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு அதற்கு ஆறு மாதங்களையும், அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022-ஆம் ஆண்டுக் கையேடு பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதங்களையும் எல்லையாக வைத்திருக்கின்றன. அத்தகைய பெண்ணிடம் ஒருவன் காதலைச் சொல்வதற்கு முன்னால் அவளை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அப்படிச் செய்யும் கதாநாயகனை நாம் எழுதிப் பழக வேண்டும். இதைப் படிப்பவர் வீட்டில் யாராவது அந்த நிலையில் இருந்தால், அரசின் டெலி மனஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.

வாசகர், திருநெல்வேலி

எனக்கு 63 வயது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். மனைவி காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவள் வாங்கிச் சேர்த்திருந்த மாத நாவல்களை அவள் இருந்தவரை நான் தொட்டதில்லை. இப்போது ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். பிடித்த வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருக்கிறாள். என் வயதுள்ள ஒருவருக்கு மறுபடி ஒரு துணை கிடைப்பதைப் பற்றி நானே ஒரு நாவல் எழுதிப் பார்க்கலாமா என்று நினைக்கிறேன். எனக்கு அப்படி எண்ணம் எதுவும் இல்லை, கதை மட்டும்தான். இந்த வயதில் எழுதலாமா? எங்கே தொடங்குவது?

எழுதுங்கள், ஐயா. ஆண்களின் துக்கம் தமிழில் எழுதப்படாமலே கிடக்கிறது. தொல்காப்பியர் புறத்திணையியலில் காதலியை இழந்தவனின் நிலையைத் 'தபுதார நிலை' என்றும், காதலனை இழந்தவளின் நிலையைத் 'தாபத நிலை' என்றும் அடுத்தடுத்து வைத்துச் சொல்லியிருக்கிறார். இரண்டும் பாடுவதற்குரிய துயரங்களாகவே அவருக்குத் தெரிந்தன. பெண்ணின் துயரத்துக்குப் பிற்காலம் எத்தனையோ பெயர்களையும் அடையாளங்களையும் சுமத்தியது. ஆணின் துயரத்துக்கு இருந்த ஒரு பெயரும் வழக்கொழிந்துபோயிற்று. மனைவியை இழந்தவரிடம் 'சமைத்துப் போட ஓர் ஆள் வேண்டாமா?' என்று கேட்டார்களே தவிர, இரவில் தூக்கம் வருகிறதா என்று கேட்கவில்லை. கேட்காததால் அவர்களும் சொல்லவில்லை.

தொடக்கத்தை நீங்களே உங்கள் கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். முப்பது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்த மனைவிக்கு எந்த வரி பிடித்திருந்தது என்பதை அவள் போன பிறகு பென்சில் புள்ளிகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஒருவர்தான் உங்கள் கதாநாயகர். சில புள்ளிகள் அவருக்குச் சந்தோஷம் கொடுக்கட்டும். ஒன்றிரண்டு புள்ளிகள், அவர் செய்யத் தவறியவற்றை ஏங்கி வைத்தவை என்று புரிந்து அவரைத் தூங்கவிடாமல் செய்யட்டும். இரண்டாவது பெண்ணை அவசரப்பட்டுக் கொண்டுவராதீர்கள். அதே தெருவில், அவருடைய மனைவியோடு புத்தகம் மாற்றிப் படித்துக்கொண்டிருந்த ஒருவர் இருப்பார். வாங்கிப் போன நாவலை இரண்டு வருடம் கழித்துத் திருப்பிக் கொடுக்க, வாசலில் வந்து தயங்கி நிற்பார். அவர் போன பிறகு இவர் அதைப் பிரித்துப் பார்க்கும்போது பென்சில் புள்ளிகளும், சில வரிகளுக்குப் பக்கத்தில் நீல மைப் புள்ளிகளும் இருக்கும். ஒரே வரிக்கு இரண்டு புள்ளிகளும் விழுந்திருக்கும் பக்கம் எது என்பதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். அந்த வரியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

கையால் எழுதினாலும் பரவாயில்லை, தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். முதல் இரண்டு அத்தியாயங்கள் முடிந்ததும் இதழின் முகவரிக்கு அனுப்பிவையுங்கள். படித்துவிட்டு எழுதுகிறேன்.